நீலச் சீட்டு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. போன மாதம் படுத்தியெடுத்த இருமலும் விட்டுவிட்டது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கூட்டத்துக்குக் கூட்டம் காபியும் பிஸ்கட்டுமாகவே வயிற்றை ஏமாற்றுகிறீர்கள் என்று உங்கள் டிரைவர் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டு மேஜை விஷயம் எதுவானாலும் போனில் சொல்லாதீர்கள், எழுதி அனுப்புங்கள், ஃபைலில் இருக்கும் என்றீர்கள். அதனால் இந்தக் கடிதம்.

வருகிறவர்களை நான் எப்படி எடைபோடுகிறேன் என்று முதலீட்டாளர்கள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் செருப்பைப் பார்ப்பேன். குதிகால் பக்கம் தேய்ந்திருந்தால் நடந்து பிழைக்கிறவர். பிறகு நகம். அப்புறம், "உட்காருங்க" என்று நான் சொல்வதற்கு முன்பே பெஞ்சில் உட்காருகிறாரா என்று பார்ப்பேன். சொன்ன பிறகும் உட்காராதவருக்கு நீலச் சீட்டு, அதாவது இலவசம். சொன்னதும் உட்காருகிறவருக்கு வெள்ளை, பாதிக் கட்டணம். தானாகவே உட்கார்ந்து விசிறிக்கொள்கிறவருக்கு மஞ்சள், முழுக் கட்டணம். இதை அப்படியே முதலீட்டாளர்களிடம் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள்.

கண் காட்ட வருகிறவரிடம் வருமானச் சான்று கேட்கக்கூடாது, ஏழையைப் பிச்சைக்காரனாக நிற்கவைக்கக்கூடாது என்று நீங்கள் வைத்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. உங்கள் அண்ணன் இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

நேற்று ஒருவர் வந்தார். கத்தி மாதிரி மடிப்பு நிற்கிற வெள்ளைச் சட்டை, புது ஷூ. தாராளமாக உட்கார்ந்தார். மஞ்சள் சீட்டைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். நாலாக மடித்து, ஓரத்தை நகத்தால் நீவிப் பையில் வைத்துக்கொண்டு, "நல்ல கலருங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே போய்விட்டார். இப்படியும் ஆட்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போனது நிம்மதி. என் உடம்புக்கு ஒன்றுமில்லை; டிரைவருக்குத்தான் வாய் நீளம்.

உங்கள் கடிதத்தை முதலீட்டாளர் கூட்டத்தில் வாசித்தே காட்டிவிட்டேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தலைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அவர்களைப் பற்றி ஒன்று புரிந்துகொள்ளுங்கள், அண்ணி. அவர்கள் தர்மம் போட வந்தவர்கள் அல்ல. பணத்தைப் போட்டுவிட்டு எட்டு வருஷம் காத்திருந்து, சின்ன லாபத்தோடு திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தர்மத்தில் நடக்கிற ஆஸ்பத்திரி, தர்மவான் செத்தால் மூடிவிடும். வியாபாரமாக நடந்தால்தான் ஏழைக்கு நாளைக்கும் கதவு திறந்திருக்கும். என் வாழ்க்கையே இந்த நம்பிக்கைதான்.

அதற்காகத்தான் இந்த வருஷம் சில கட்டுப்பாடுகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்போம். நூறு சீட்டில் நீலம் இருபத்தைந்தைத் தாண்டக்கூடாது. கொடுத்த சீட்டின் நிறத்தை என் கையெழுத்து இல்லாமல் மாற்றக்கூடாது. முன்பு மேஜையில் இருந்தவர் கை நீட்டிக் காசு வாங்கிச் சீட்டு மாற்றிய கதை உங்களுக்கே தெரியும். ஊழியரின் சொந்தக்காரர் யாருக்கும் நீலம் கிடையாது. இதில் எனக்கே விதிவிலக்கு இல்லை. நம் பெரியம்மாவுக்கு மஞ்சள்தான் கொடுத்தேன், இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

உங்கள் குடியிருப்பு அறையில் தண்ணீர் ஒழுகுவதாகக் கணக்கர் சொன்னார். ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கத்துடன்,
தம்பி

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். ஒழுகல் நின்றுவிட்டது. உங்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்களா?

ஒரு தப்பு செய்துவிட்டேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அவரை மறுபடி பார்த்தேன். நம் ஆஸ்பத்திரியின் பின்தெருவில், தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறார். இஸ்திரிக்காரர். கையெல்லாம் கரிப்பொடி, உடம்பில் அதே வெள்ளைச் சட்டை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றேன். "கசங்கின சட்டையோட ஒரு இஸ்திரிக்காரன் வெளிய வந்தா, அப்புறம் எவன் துணி குடுப்பான்?" என்றார். ஷூ பக்கத்துக் கடைக்காரருடையது. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், மரியாதையாகப் போவோம் என்று வாங்கிப் போட்டுக்கொண்டாராம். இலவசமாகப் பார்ப்பார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. மஞ்சள் சீட்டில் அச்சிட்டிருந்த அறுவைச் சிகிச்சைக் கட்டணம் அவருடைய மூன்று மாத வருமானம்.

நானே கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் நீரழுத்தம். பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இது போனால் திரும்பி வராத வகையாம். அறுவைச் சிகிச்சை செய்தால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அதுவரைக்கும் சொட்டு மருந்து, என் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தேன்.

சீட்டை மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாற்ற உங்கள் கையெழுத்து வேண்டும். தப்பு என்னுடையது. உடனே அனுப்புங்கள்.

அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதீர்கள். மூன்று நாட்டில் ஆறு கூட்டம். ரத்த அழுத்தம் பார்த்தேன், கொஞ்சம் கூடுதல்தான்.

நல்ல செய்தி. நம் மாதிரியைப் பார்த்து இன்னும் பதினோரு ஊரில் ஆஸ்பத்திரி திறக்கப் பணம் கிடைக்கும் போலிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் முதலீட்டாளர்களை அழைத்துக்கொண்டு வருகிறேன். மேஜைக்கு முன்னால் கூட்டம் நெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெளிர்நீலம் அடிக்கச் சொன்னேன், அடித்தார்களா? நீங்கள் புது மேலங்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரி செலவில்.

தம்பி

பி.கு.: இஸ்திரிக்காரர் விஷயம் பார்த்தேன். இந்த மூன்று மாதக் கணக்கில் நீலம் இருபத்தைந்து முடிந்துவிட்டது. ஏப்ரலில் பார்க்கலாம்.

மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

உப்பைக் குறையுங்கள். சுவருக்கு நிறம் அடித்தாயிற்று.

"ஏப்ரலில் பார்க்கலாம்" என்று நீங்கள் எழுதலாம், உங்களால் பார்க்க முடியும். அவர் இப்போது பாதி வேலையைத் தடவித்தான் செய்கிறார். நேரே இருப்பது தெரிகிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெரிவதில்லை. போன வாரம் ஒரு வக்கீலின் சட்டைக்கை பொசுங்கிவிட்டது. வக்கீல் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார், அன்றிலிருந்து அவர் வீட்டுத் துணி வருவதில்லை. இதைச் சொல்லிவிட்டு, "நல்லவேளை, கேஸ் போடல" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது சொட்டு மருந்தை நானே விட்டுவிட்டுப் போகிறேன். தானே விட்டால் பாதி கன்னத்தில் வழிகிறது. பேச்சுத்துணைக்கு நல்ல மனிதர். மனைவி போய் ஏழு வருஷமாகிறதாம். தூரத்தில் ஒரு அக்கா மட்டும் இருக்கிறார். என் மேலங்கியைத் தேய்த்துக் கொடுக்கிறார், கூலி கொடுத்தால் வாங்குவதில்லை. புது மேலங்கி வேண்டாம், பழசே புதுசு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் ஒன்றாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உங்களிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை.

அண்ணி

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். விருந்தினர்கள் இன்னும் உங்களைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கும் பெருமைதான்.

இதை நேரில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அன்று மாலை பின்தெரு வழியாக வண்டியை எடுக்கப் போனேன். நீங்கள் அந்தத் தள்ளுவண்டியின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் போன பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கூப்பிடாமல் போய்விட்டேன். கணக்கரிடம் கேட்டேன், ஊழியர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் என்றார்.

அண்ணி, உங்கள் வாழ்க்கை உங்களுடையது. நான் குறுக்கே நிற்கிறவன் அல்ல. ஆனால் சீட்டு என்னுடைய பொறுப்பு. அவர் உங்களுக்கு யாருமில்லை என்றால், மற்ற நோயாளிகளைப்போல வரிசையில் நிற்க வேண்டியதுதான். மேஜைக்காரிக்குத் தெரிந்தவர் என்பதற்காக முன்னால் வர முடியாது. உங்களுக்கு வேண்டியவர் என்றால், ஊழியரின் சொந்தம், நீலமே கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நான் கையெழுத்துப் போட முடியாது.

ஒரே ஒரு வழி இருக்கிறது. "இவர் எனக்கு எந்த வகையிலும் உறவு இல்லை, இனியும் ஆக மாட்டார். சீட்டைத் தவறாகக் கொடுத்தது என் பிழை" என்று உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். முதலீட்டாளர் குழுவிடம் வைத்து அனுமதி வாங்கித் தருகிறேன். வற்புறுத்தவில்லை. யோசித்து முடிவெடுங்கள்.

அண்ணன் படத்துக்குச் சட்டம் மாற்றச் சொல்லியிருந்தீர்கள், மாற்றி அனுப்புகிறேன்.

தம்பி

மே 2

தம்பிக்கு,

யோசிக்க ஒன்றுமில்லை. நீங்கள் கேட்ட காகிதம் இதோடு இருக்கிறது. நீங்கள் சொன்ன வார்த்தை ஒன்றையும் விடவில்லை. "இனியும்" என்ற இடத்தில் பேனா மக்கர் செய்தது, மேலே ஒருதரம் எழுதியிருக்கிறேன். குழு அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பதற்கும் ஃபைல் திறப்பீர்கள் என்று தெரிந்திருந்தால், எழுந்து நின்று சிரித்திருப்பேன்.

அவரிடம் இந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சொன்னால் உங்கள் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவார், அப்படிப்பட்ட ஆள். கண்தான் முக்கியம். மற்றதெல்லாம் பிறகு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமா? இங்கே உப்பில்லாத சாப்பாடு, நாக்கு செத்துப்போய்விட்டது.

உங்கள் கடிதத்தைக் குழு பார்த்தது. மிகவும் மெச்சினார்கள். ஒரு சாதாரண ஊழியரிடம் இவ்வளவு நேர்மையா என்று கேட்டார்கள். அனுமதி கிடைத்துவிட்டது. நீலச் சீட்டு இதோடு இருக்கிறது, என் கையெழுத்தோடு. ஜூன் கணக்கும் நிரம்பிவிட்டதால் ஜூலை முதல் செல்லும். பதினைந்து நாள்தான்.

தம்பி

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். சீட்டு வந்தது.

வலது கண் போய்விட்டது. உங்கள் பதினைந்து நாளுக்குள்தான். ஒரு காலையில் எழுந்து, இடது கண்ணைப் பொத்திக் கசக்கிக்கொண்டே, "என்ன, இன்னும் விடியலையா?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அப்போது மணி எட்டு. இடது கண்ணில் ஒரு வளையல் அளவுக்குத் தெரிகிறது. அதற்கு இருபத்திரண்டாம் தேதி அறுவை. டாக்டரம்மா தானே செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வளையலளவையாவது காப்பாற்றிக் கொடுத்துவிடுவேன் என்கிறார்.

இன்னொன்று. அவர் என்னைக் கேட்டுவிட்டார். எதைக் கேட்டார் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்கு நாற்பத்தோரு வயது. என்னை ஒருவர் கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை. சம்மதம் என்று வாய்வரை வந்தது. "ஆபரேஷன் முடியட்டும்" என்று மட்டும் சொன்னேன். "ஏன், கண்ணு எப்படி வருதுன்னு பாத்துட்டா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அப்புறம் அதிகம் பேசவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அறுவை முடிந்த மறுநாள் அந்தக் காகிதத்தைத் திருப்பித் தருவீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஒரு வரி போதும். இருபத்திரண்டுக்குள் வந்தால் அவரிடம் தைரியமாகச் சொல்வேன்.

அண்ணி

ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

பதினோரு ஆஸ்பத்திரிக்கும் பணம் வந்துவிட்டது. உங்கள் முறையை எல்லா மேஜைக்கும் சொல்லித்தர உங்களைவிட வேறு ஆள் இல்லை. சம்பளம் இப்போது வாங்குவதைப்போல இரண்டு மடங்கு. ஊர் ஊராகப் போகவேண்டியிருக்கும். உங்களுக்கு இங்கே கட்டிப்போடுகிற மாதிரி எதுவும் இல்லையே, அதனால் ஒப்புக்கொள்வீர்கள் என்று குழுவிடம் சொல்லிவிட்டேன்.

இஸ்திரிக்காரர் அறுவைக்கு வரவே இல்லை என்று கணக்கர் எழுதியிருந்தார். சீட்டு அடுத்தவருக்குப் போய்விட்டது. எனக்கு வருத்தம்தான், ஆனால் ஆச்சரியமில்லை. இலவசமாகக் கிடைப்பதற்கு மனிதன் மதிப்புக் கொடுப்பதில்லை. இத்தனை வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி நீலத்துக்கும் பெயருக்கு ஒரு சிறு தொகை வைக்கலாம் என்று குழுவில் பேச்சு. அவரை உதாரணமாகக் காட்டினேன்.

வருட அறிக்கையில் உங்கள் நேர்மைக் கடிதத்தை ஒரு முழுப் பக்கத்தில் போட விரும்புகிறார்கள். பெயரெல்லாம் எடுத்துவிடுவோம். உங்களுக்கு ஆட்சேபம் இருக்கிறதா?

உங்கள் ஜூலைக் கடிதமும் கிடைத்தது.

தம்பி

செப்டம்பர் 2

தம்பிக்கு,

இலவசம் என்பதால் அவர் வராமல் போகவில்லை. என்னால்தான் வரவில்லை. எப்படி என்று எழுதிவிடுகிறேன், ஃபைலில் இருக்கட்டும்.

உங்கள் ஒரு வரி வரும் என்று ஜூலை பதினெட்டாம் தேதிவரை காத்திருந்தேன். அன்று சாயங்காலம் மருந்து விடப் போனேன். உங்கள் கணக்கர் தன் துணியை வாங்கிக்கொள்ள வந்து வண்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்பது இஸ்திரிக்காரருக்குத் தெரியவில்லை. என் காலடிச் சத்தத்தை வைத்து என்னை மட்டும் கண்டுபிடித்து, "இன்னிக்காவது சொல்லுங்க. நான் உங்களுக்கு யாரு?" என்று கேட்டார்.

கணக்கர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுவைக்கு நாலு நாள் இருந்தது. நான் சொன்னேன்: "நீங்க எங்க பேஷண்டு. அவ்வளவுதான்."

அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சரிங்க மேடம்" என்றார். அதற்கு முன் என்னை ஒருநாளும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. கணக்கர் துணியை எண்ணி வாங்கிக்கொண்டு போகிறவரைக்கும் நானும் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று பயந்து, நாலு நாள்தானே என்று அறைக்கு வந்துவிட்டேன். மறுநாள் வண்டி இல்லை. அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாதமாயிற்று. ஒரு பின்கட்டு அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. இடது கண்ணும் போய்விட்டது. வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரிகிறதாம். டாக்டரம்மாவை அங்கேயே வரவழைத்துக் காட்டினேன். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார், உங்கள் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தையும் சொன்னார், அதை நான் எழுதவில்லை.

காகிதத்தைப் பற்றி அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். கசங்கின சட்டையின் ஓரத்தை நகத்தால் நீவினார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன்" என்றார். அதனால்தான் சொல்லவில்லை என்றேன். "கிழிச்சிருந்தா கண்ணு போயிருக்கும். நீங்க இருந்திருப்பீங்க. இப்ப ரெண்டும் இல்ல" என்றார்.

நான் இருக்கிறேன், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன், தம்பி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். "ஒத்தக் கண்ணு இருந்தப்ப நீங்க பேஷண்டுன்னீங்க. அதையும் ஏத்துக்கிட்டேன். இப்ப இருந்தீங்கன்னா அது இலவசம். எனக்கு வேணாம். கிளம்புங்க" என்றார். அவருடைய அக்கா வாசல்வரை வந்து வழியனுப்பினார். இனி வராதீர்கள், வந்து போனால் இரண்டு நாள் சாப்பிடமாட்டான் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

என்மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி. உங்கள்மேல் இருப்பது வேறு. நீங்கள் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை, சொல்ல முடிந்தால் தூங்குவேன். ஒரு வரி எழுதியிருக்கலாம். உப்பைப் பற்றி எழுத நேரம் இருந்தது.

பதினோரு ஆஸ்பத்திரிக்கு வேறு ஆள் பாருங்கள். மேஜைச் சாவியும் அறைச் சாவியும் கணக்கரிடம் இருக்கின்றன. நேற்று கடைசி நாள். மூன்று நீலச் சீட்டு மிச்சம் இருந்தது, மூன்றையும் மிச்சமாகவே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒன்பது பேர் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள், யாரைப் பார்த்து யாருக்குக் கொடுப்பது என்று எனக்கு இனித் தெரியாது.

அந்தக் கடிதத்தை அறிக்கையில் போடுவதற்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் எனக்கு எந்த வகையிலும் உறவு இல்லை, இனியும் ஆக மாட்டார். எழுதிக் கொடுத்தபோது அது பொய்யாக இருந்தது. இப்போது அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி